அந்தரத்தில் எண்பது

கார் வேகமாக ஓடும் என்பதைக் கண்டுபிடிக்க ஒரு வாரியம் தேவையில்லை. ஆனால் எங்கள் ஊரில் வாரியத்தை முதலில் அமைத்துவிட்டார்கள். அமைத்த பிறகு அதற்கு ஏதாவது வேலை கொடுத்தாக வேண்டுமே! வேக ஒழுங்கு வாரியம் என்று பெயர். மூன்று மாடி, நாற்பது அறை, ஒரு லிஃப்ட். லிஃப்டுக்குள் 'நிதானமாக ஏறவும்' என்று எழுதி ஒட்டியிருக்கும்.

நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன். வாடகைக் கார்கள் எல்லாவற்றிலும் ஸ்பீடு கவர்னர் பொருத்தி, வாரியத்தில் கொண்டுவந்து காட்டி, முத்திரை வாங்க வேண்டும் என்று ஒரு நாள் உத்தரவு வந்தது. அதில் எனக்கு ஓர் ஆட்சேபமும் இல்லை. வேகமாகப் போய் நான் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகிறேன்? கடையில் எண்பதுக்கு வைத்துக் கொடுத்தார்கள். ஆக்ஸிலேட்டர் மேல் ஏறி நின்றாலும் எண்பதுக்கு மேல் போகாது. என் வண்டியில் க்ரூஸ் கன்ட்ரோலும் உண்டு. எண்பது வந்ததும் ஸ்டியரிங்கில் இருக்கிற பட்டனை அமுக்கிவிட்டால் காலை எடுத்துவிடலாம். வண்டி அதே வேகத்தில் தானாகப் போகும். எண்பது எனக்குத் தாராளமாகப் போதும்.

என் கவலையெல்லாம் என் மாமனாரைப் பற்றித்தான். முப்பத்து நான்கு வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்கு டயாலிசிஸ். ஆஸ்பத்திரி ஐம்பத்து நான்கு கிலோமீட்டர். ஒரு மாதத்தில் மூன்று தடவை தாமதமாகப் போனால் கட்டில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். காத்திருப்போர் பட்டியலில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். முப்பத்தொரு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் எங்கள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்.

வாரியத்தில் சோதனை ஆய்வாளர் என்று ஒருவர், கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாக வந்தார்.

"ஓட்டிக் காட்டுங்க" என்றார்.

"எங்க சார்?"

"இங்கதான். கேட்டுலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும்."

நான் காலால் அளந்து பார்த்தேன். நாற்பத்திரண்டு மீட்டர். நட்டநடுவில் ஒரு வேகத்தடை வேறு.

"சார், முன்னாடி இங்க ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சோதனைத் தடம் இருந்துச்சே?"

"இருந்துச்சு. வாரியத்துக்கு ஒரு கட்டடம் வேணாமா? அதுமேலதான் கட்டியிருக்கோம்" என்று அவர் பெருமையோடு மூன்றாவது மாடியைக் காட்டினார். "இயக்குநர் ஐயா ரூம் தெரியுது பாருங்க, கரெக்டா அந்த இடத்துலதான் அந்தக் காலத்துல வண்டிங்க எண்பதைத் தொடும்."

விசில் ஊதினார். நான் மிதித்தேன். வேகத்தடையில் வண்டி குதித்து என் தலை கூரையில் இடித்தது. பிரேக்கை அழுத்திப் பிடித்தேன். சுவருக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இடைவெளி. ஆய்வாளர் எட்டிப் பார்த்து, "இருபத்துமூணு" என்று எழுதினார். பிறகு இன்னொருவர் வந்து கவர்னரைத் திறந்து, எண்பதை இருபத்துமூன்றாகக் குறைத்து, கம்பி கட்டி, ஈயத்தில் முத்திரை வைத்துவிட்டுப் போனார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "சார், நான் எண்பதுக்குத்தானே வச்சிருந்தேன்?"

"எண்பதுல உங்க வண்டி ஒழுங்கா ஓடும்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? நாங்க பார்த்தது இருபத்துமூணு. சோதனையில பார்த்த வேகத்துக்கு மேல வண்டி ஓடக் கூடாதுன்னு விதி பன்னிரண்டு சொல்லுது. பார்க்காத வேகத்துக்கு வாரியம் எப்படிங்க பொறுப்பேத்துக்கும்?"

வண்டியைத் திருப்பி, இருபத்துமூன்றிலேயே வீடு வந்து சேர்ந்தேன்.

ஊரில் உள்ள வாடகைக் கார்கள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒருவருக்குப் பத்தொன்பது, ஒருவருக்கு இருபத்தொன்று. ஒரே ஒருவர் இருபத்தேழு வாங்கினார். அவர் வண்டியின் பெயிண்ட் இன்னும் அந்தச் சுவரில் இருக்கிறது. அவசரக்காரர்கள் எல்லாரும் அவரைத் தேடிப் போனார்கள். அவரோ ஒரு மாதத்துக்கு ஆள் இருக்கிறது என்று கையை விரித்துவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை மாமனாரைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். நெடுஞ்சாலை நுழைவாயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலர் கையை நீட்டி மறித்தார். 'குறைந்தபட்ச வேகம் அறுபது' என்று பலகை இருந்தது. அது வேறு துறை. அவர்கள் மெதுவாகப் போகிறவர்களைத்தான் பிடிப்பார்கள்.

"அறுபதுக்குக் கீழன்னா உள்ள வராதீங்க. கால்வாய் ரோட்டுல போங்க" என்றார் காவலர்.

கால்வாய் ரோடு சுற்றுவழி. எண்பத்தெட்டு கிலோமீட்டர். இருபத்துமூன்றில் உருட்டிக்கொண்டு போனேன். ஒரு சைக்கிள்காரர் எங்களைத் தாண்டும்போது வேகத்தைக் குறைத்து, "வண்டி ரிப்பேரா?" என்று அக்கறையாக விசாரித்தார்.

மாமனார் கண்ணாடியை இறக்கி, "இல்ல தம்பி, சட்டம்" என்றார்.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பதே முக்கால். தலைமை நர்ஸ் எங்கள் பெயருக்கு நேரே ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய இயந்திரம் அன்றைக்கு இரண்டு மணி நேரம்தான் ஓடியது. செவ்வாய்க்கிழமை விடியுமுன்பே எழுந்து இரண்டரை மணிக்கே கிளம்பினோம். ரயில்வே கேட்டில் சரக்கு ரயிலுக்காக ஒரு மணி நேரம் நின்றோம். இரண்டாவது சிவப்புப் புள்ளி.

"இன்னொரு தடவை லேட்டானா என் கையில ஒண்ணும் இல்லீங்க" என்றார் நர்ஸ். கடுமையாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "பெரியவர் மயக்கமா இருக்காரா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "மயக்கமானதும் கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் ஏறலாம் என்றால் மாமனாரால் ஒரு படி ஏற முடியாது. முப்பத்து நான்கு வருஷம் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்!

இதற்கு நடுவில், திங்கட்கிழமை, வாரியத்தின் இரண்டாவது மாடியிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருந்தது. அது சீர்வேகப் பிரிவு. க்ரூஸ் கன்ட்ரோல் உள்ள வண்டிகளை அவர்கள் தனியாகப் பார்க்க வேண்டுமாம். அங்கே இருந்த அதிகாரி அம்மா கீழே இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"போட்டுக் காட்டுங்க."

பட்டனை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. "நாற்பதுக்கு மேல போனாத்தாம்மா இது பிடிக்கும்" என்றேன்.

"போங்களேன், யார் வேணாம்னா?"

"கவர்னர் விடாதேம்மா. இருபத்துமூணுதான்."

"அது கீழ்மாடி விவகாரம். கவர்னர்னு ஒண்ணு இருக்கறதே எங்க பிரிவுக்கு அதிகாரபூர்வமா தெரியாது." அவர் ஏதோ எழுதிக் கிழித்துக் கொடுத்தார். "க்ரூஸ் கன்ட்ரோல் பழுது. பதினஞ்சு நாளைக்குள்ள சரி பண்ணிக் கொண்டுவந்து காட்டுங்க. இல்லேன்னா வண்டியையே ஓட்ட முடியாது."

ஆக, தரைமாடிக்கு நான் வேகமாகப் போகக்கூடியவன், இரண்டாவது மாடிக்கு வேகமாகப் போகாதவன். இரண்டு குற்றத்தையும் ஒரே வண்டியில் செய்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமை இயக்குநர் மக்கள் குறை கேட்கும் நாள். மூன்றாவது மாடியில் அவர் அறை நல்ல அகலம். ஒரு காலத்தில் கார்கள் எண்பதைத் தொட்ட இடத்தில் அவருடைய மேஜை இருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் ஆரம்பித்துவிட்டார்.

"உட்காருங்க. நிதானமா உட்காருங்க. இந்த முற்றத்துல நாங்க சோதனை பண்ணின ஆயிரத்து நூறு வண்டியில ஒண்ணுகூட அதிவேகத்தால விபத்துல மாட்டல. சுவத்துல மோதினது பதினாறு. ஆனா பதினாறும் அனுமதிக்கப்பட்ட வேகத்துலதான் மோதியிருக்கு! இது சாதனையா இல்லையா? வேகம்னா என்ன? அவசரம். அவசரம் ஏன் வருது? திட்டமிடாததால. என்னையே எடுத்துக்குங்க. வீட்டுலேர்ந்து ஆபீஸ் அறுபது கிலோமீட்டர். ஒன்பதரைக்குக் கிளம்புவேன், பத்து மணிக்கு இந்த நாற்காலியில இருப்பேன். ஒருநாள்கூட லேட் கிடையாது. திட்டமிடல்!"

அறுபது கிலோமீட்டரை அரைமணியில் கடந்தால் என்ன வேகம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல திட்டமிடல்தான். வந்த காரியம் கெட்டுவிடக் கூடாதே என்று அதைச் சொல்லவில்லை. மாமனாரின் நிலைமையைச் சொன்னேன்.

அவர் முகம் இளகிவிட்டது. "டயாலிசிஸா? அடடா! கேக்கவே கஷ்டமா இருக்கு. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அந்த மெஷினே நாலு மணி நேரம் எடுத்துக்கிட்டு, நிதானமாத்தானே ரத்தத்தைச் சுத்தம் பண்ணுது? அதுக்கே அவசரம் இல்ல. போய்ச் சேர்றதுல உங்களுக்கு என்ன அவசரம்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஐயா, அவருக்குக் கால் ரெண்டும் வீங்கிப்போச்சு. படுத்தா மூச்சு வாங்குது. வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நான் அங்க இல்லேன்னா கட்டில் போயிடும். கட்டில் போனா ஆளும் போயிடுவாரு. இதைத் திட்டமிட்டு எப்படி ஐயா தடுக்கறது?" என்று கத்திவிட்டேன்.

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஊழியர்கள் எல்லாரும் பேனாவை நிறுத்தினார்கள். இயக்குநர் கோபிக்கவில்லை, அதற்கும் நிதானம்தான். "மனு குடுங்க. வாரிய வளாகத்துக்குள்ள, ஆய்வாளர் முன்னால உங்க வண்டி எண்பது காட்டினா, எண்பதுக்குச் சான்றிதழ் தரலாம். விதியில இடம் இருக்கு."

"வளாகம் நாற்பத்திரண்டு மீட்டர்தானே ஐயா?"

"வளாகத்தைக் குறை சொல்லாதீங்க. அது புதுசு."

வீட்டுக்கு வந்தால், மாமனார் இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துப் படுத்திருந்தார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவர் காலை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்திய இடம் குழியாகவே நின்றது. நடந்ததைச் சொன்னேன்.

"நாற்பத்திரண்டு மீட்டர்ல எண்பதா? நல்லாத்தான் சொன்னாங்க! சுவத்தை இடிச்சுக்கிட்டு அடுத்த தெருவுக்குத்தான் போகணும்" என்றாள் மனைவி.

மாமனார் கண்ணை மூடியபடியே கேட்டார். "மாப்ள, முன்சக்கரம் ரெண்டையும் தரையில படாம தூக்கி வச்சிட்டு மிதிச்சா, உங்க வண்டி எங்க போகும்?"

"எங்கயும் போகாது மாமா. சக்கரம் சும்மா சுத்தும்."

"ஸ்பீடாமீட்டருக்கு அது தெரியுமா?"

நானும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மெக்கானிக் ஒருவரிடம் இரண்டு இரும்புத் தாங்கிகள் வாங்கிக்கொண்டு, நானும் மாமனாரும் வாரியத்துக்குப் போனோம். ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கி, தாங்கிகளில் உட்கார வைத்தேன். ஆய்வாளர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வண்டி சோதனையின்போது சக்கரம் சுழல வேண்டும் என்றுதான் அதில் இருந்தது. எதன்மேல் சுழல வேண்டும் என்று எழுத யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. "விதிப்படி ஒரு பயணி பாரமும் இருக்கணும்" என்றார். மாமனாரைக் கைத்தாங்கலாக ஏற்றிப் பின்சீட்டில் உட்கார வைத்தோம். முத்திரைக்காரர் வந்து சோதனைக்காகக் கம்பியை அறுத்து, கவர்னரை எண்பதுக்குத் திருகிவிட்டார்.

மிதித்தேன். சக்கரம் இரண்டும் காற்றில் உறுமின. முப்பது, ஐம்பது, எண்பது. பட்டனை அமுக்கினேன், க்ரூஸ் கன்ட்ரோல் கப்பென்று பிடித்துக்கொண்டது. காலை எடுத்தேன். எண்பது அசையவில்லை. நான் கதவைத் திறந்து இறங்கியே வந்துவிட்டேன். வண்டி தன்பாட்டுக்கு எண்பதில் நின்றுகொண்டிருந்தது.

இரண்டாவது மாடி அம்மா ஓடிவந்தார். "ஆகா, என்ன சீரான வேகம்! ஒரு புள்ளி கூடல, ஒரு புள்ளி குறையல. எல்லாரோட வண்டியும் இதை மாதிரி இருந்தா எங்க பிரிவுக்கு வேலையே இல்லை" என்றார். மூன்று மாடி ஊழியர்களும் டீ கப்போடு வந்து சுற்றி நின்றார்கள். பின்சீட்டிலிருந்து மாமனார் வண்டிக்கு முன்னால் நின்ற பியூனைப் பார்த்து, "ஓரமா நில்லுப்பா, வண்டி எண்பதுல வருது" என்று சத்தம் போட்டார். பியூன் நிஜமாகவே ஒதுங்கி நின்றார்.

இருபது நிமிஷம் ஓடவிட்டுவிட்டு, முத்திரைக்காரர் மறுபடியும் கவர்னரைத் திருகிக் கம்பி கட்டினார். ஆய்வாளர் சான்றிதழை எழுதிக் கொடுத்தார். படித்தேன். 'சக்கரங்கள் தரையில் படாத நிலையில், ஒரு பயணியுடன், மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்த வாகனம் பாதுகாப்பானது எனச் சான்றளிக்கப்படுகிறது. சக்கரங்கள் தரையில் படும் நிலையில், முன்பு சான்றளித்தபடி இருபத்துமூன்று.'

"சார்!" என்றேன்.

"நாங்க பார்த்தது அந்தரத்துல எண்பதுங்க. தரையில நாங்க பார்க்கலையே?"

"சக்கரம் தரையில படாம வண்டி எப்படி சார் ஆஸ்பத்திரிக்குப் போகும்?"

"போறது வர்றதெல்லாம் போக்குவரத்துத் துறை. நாங்க வேகம் மட்டும்தான்" என்று அவர் அன்போடு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கே கிளம்ப நினைத்தும், மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மாமனாரைக் காலை ஐந்தரைக்குத்தான் தூக்கி ஏற்ற முடிந்தது. இனிமேல் கால்வாய் ரோட்டில் நான்கு மணி நேரம் அவரால் உட்கார முடியாது.

"நெடுஞ்சாலையிலயே போயிடறேன்" என்று மனைவியிடம் சொன்னேன்.

"பிடிச்சாங்கன்னா?"

"பிடிக்கட்டும். அவங்க கால்ல விழுந்து கேக்கறேன்."

நுழைவாயிலில் நாற்காலி மட்டும் இருந்தது; காவலர் இல்லை. உள்ளே புகுந்துவிட்டேன். இருபத்துமூன்றில் நெடுஞ்சாலையில் போவது எப்படி என்று யாரும் என்னைக் கேட்க வேண்டாம். பின்னால் வந்த லாரிகள் எல்லாம் ஹாரனிலேயே என் பரம்பரையைத் திட்டின. இரண்டு கிலோமீட்டர் போயிருப்பேன். ரோந்து ஜீப் வந்து மறித்தது. அதன் பின்னாலேயே, கார்களைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போகிற தட்டையான நீள லாரி ஒன்று வந்து நின்றது.

ரோந்து அதிகாரி இறங்கினார். "அறுபதுக்குக் கீழ ஓட்டறீங்க. வண்டியைத் தூக்கி யார்டுல போடப் போறோம்."

"யார்டு எங்க சார்?"

"ஆஸ்பத்திரியைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர்."

நான் பின்னால் திரும்பினேன். மாமனார் ஏற்கெனவே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியவரை இறக்குங்க. தூக்கின வண்டிக்குள்ள ஆள் உட்காரக் கூடாது. லாரியில ஒரே ஒருத்தருக்குத்தான் இடம்" என்றார் அதிகாரி. மாமனார் இறங்கும் நிலையில் இல்லை. ரோட்டோரத்தில் அவரை விட்டுவிட்டு எங்கே போவது? அந்தச் சான்றிதழை எடுத்து நீட்டினேன். வேறு என்ன காட்டுவது என்று தெரியாமல்தான் நீட்டினேன்.

அதிகாரி டார்ச் அடித்து ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார். லாரியைப் பார்த்தார், என் சக்கரங்களைப் பார்த்தார், மாமனாரைப் பார்த்தார்.

"சக்கரம் தரையில படாம, ஒரு பயணியோட, எண்பது" என்று வாய்விட்டுச் சொன்னார். "அப்படியே பொருந்துதேய்யா! இருபது வருஷ சர்வீஸ்ல இவ்வளவு தெளிவா ஒரு சான்றிதழ் நான் பார்த்ததில்ல." லாரி டிரைவர் பக்கம் திரும்பி, "பெரியவர் உள்ளயே இருக்கட்டும். எண்பதைத் தாண்டிடாதே" என்று உத்தரவு போட்டார்.

லாரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி பறந்தது. "உங்க லாரிக்குக் கவர்னர் கிடையாதாண்ணே?" என்று கேட்டேன்.

"அரசாங்க வண்டிக்கு அதெல்லாம் எதுக்குண்ணே?" என்று சிரித்தார் அவர்.

பின்கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். லாரிமேல் என் கார், காருக்குள் மாமனார். முன்சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரோட்டையே பார்த்தபடி, வளைவு வந்த இடத்தில் எல்லாம் வலது காலை அழுத்திப் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது. லாரி டிரைவர் பார்த்துவிடக் கூடாதே என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் லாரியை நிறுத்தச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் கெஞ்ச வைக்காமலே நிறுத்தி, தட்டைச் சாய்த்து இறக்கினார். சக்கர நாற்காலியோடு ஓடினேன். ஆறு மணி நாற்பத்தெட்டு. தலைமை நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு, எங்கள் பெயருக்கு நேரே எழுத நீலப் பேனாவை எடுத்தார்.

ஊசி ஏறி, இயந்திரம் ஓட ஆரம்பித்து, ஒரு மணி நேரத்தில் மாமனாருக்கு மூச்சு நிதானப்பட்டது. வெளியே என் வண்டி யார்டுக்குப் போய்விட்டது. அதை மீட்க ஏழு படிவம் நிரப்ப வேண்டும் என்று லாரி டிரைவர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நிரப்பலாம்.

மாமனார் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். நான் குனிந்தேன். அவர் குரலில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

"மாப்ள, செவ்வாக்கிழமையும் நம்மளப் பிடிச்சிடுவாங்கல்ல?"

"கண்டிப்பா பிடிப்பாங்க மாமா" என்றேன். "நீங்க கவலைப்படாம தூங்குங்க."